ஈரப் புதினா

மார்ச் 3, செவ்வாய்

மாடி மகாராணிக்கு இன்றைக்குத் தலைமுடி எண்ணெய் செய்யும் ஆசை வந்துவிட்டது. கொழுந்தன் பெண்டாட்டியைத்தான் சொல்கிறேன். இந்த நாட்குறிப்பிலாவது வாய்க்கு வந்தபடி எழுதிக்கொள்கிறேனே! காலையில் சமையலறைக்கு வந்து, ஜன்னலோரம் இருந்த என் ஜாடிகளை நோட்டம் விட்டாள்.

"இது ஒண்ணும் பெரிய வித்தை இல்லபோல, அக்கா. கிராம்பைத் தட்டி, புதினாவைப் போட்டு, எண்ணெய ஊத்தி வச்சா முடிஞ்சுது. இல்லையா?"

"ஆமா, அவ்வளவுதான்" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

மார்ச் 5, வியாழன்

கடைத்தெருவில் புதிதாகத் திறந்திருக்கும் பார்லர்காரம்மா கூப்பிட்டனுப்பினாள். தலை மசாஜுக்கு வீட்டில் செய்த எண்ணெய்தான் வேண்டுமாம். என் பாட்டிலைத் திறந்து மோந்தவள் அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள். "முதல்ல கொஞ்சம் கொண்டாங்க. எல்லாருக்கும் பிடிச்சா மாசாமாசம் உங்ககிட்டயே வாங்கிக்கறேன்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து 'அவ வீட்டுல சும்மாதான் இருக்கா' என்று பேர் வாங்கியவள் நான். முதல்முறையாக எனக்கென்று ஒன்று. இது மட்டும் கைகூடிவிடட்டும்.

மார்ச் 9, திங்கள்

போச்சு. இவர் தம்பியிடம் உளறியிருக்கிறார். மகாராணி நேரே பார்லருக்கே போய், நானும் அதே வீடுதான், நானும் தருகிறேன் என்று இளித்திருக்கிறாள். "அதுக்கென்ன, ரெண்டு பேருமே கொடுங்க" என்றுவிட்டாளாம் அந்தம்மா.

இவரிடம் சண்டை போட்டால், "ஒரே வீட்டுக்குள்ள என்ன உன்னுது என்னுது?" என்கிறார். இந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பதைத் தவிர எது என்னுது?

மார்ச் 10

பாட்டில்கூட என்னுடையதைப் போலவே வாங்கி வந்திருக்கிறாள். வெட்கமே கிடையாதா?

மார்ச் 12, வியாழன்

துணி காயப்போட மாடிக்குப் போனேன். அவள் ஜாடியைப் பார்த்தேன். புதினாவை அலசி, தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே எண்ணெயில் போட்டிருக்கிறாள்! பச்சைப் பசேலென்று மிதக்கிறது.

நான் தழையை நிழலில் பரப்பி, தொட்டால் நொறுங்கும்வரை காயவைப்பேன். அதெல்லாம் என் அறையில், கட்டிலுக்கு அடியில். அதை அவள் எங்கே பார்த்தாள்? ஜாடியில் போட்டதைத்தானே பார்த்தாள். ஈரம் துளி இருந்தாலும் எண்ணெய் புளித்து நாறிவிடும்.

சொல்லலாமா? ஒரு வார்த்தைதான்...

மாட்டேன். நாறட்டும். அவள் எண்ணெய் கெட்டால் என்னுடையது மட்டும் நிற்கும்.

"கலர் எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டாள்.

"ஜோரா இருக்கு."

மத்தியானம் வழக்கத்தைவிட நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 27, வெள்ளி

இருவரும் ஒரே பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். அவளுடையது லேசாக மங்கல். கிராம்பு வாசனை தூக்கலாக இருப்பதால் இப்போதைக்குத் தெரியாது. கொஞ்ச நாள் போகட்டும்.

ஏப்ரல் 4, சனி

எல்லாம் போச்சு.

பார்லர்காரம்மா ஒரு பெரிய ஜாடியோடு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டாள். திறந்ததும் ஊசிப்போன நாற்றம். சத்தம் கேட்டு இறங்கி வந்த மகாராணியைக் காட்டி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இது என்னுது இல்ல, இவளோடது" என்றேன்.

"எது யாரோடதுன்னு நான் என்னத்தக் கண்டேன்? ஒரே வீடு, ஒரே பாட்டில். எல்லாத்தையும் ஒண்ணாத்தான் ஊத்தி வச்சேன். வந்தவங்க மூஞ்சியச் சுளிச்சுட்டு எழுந்து போறாங்க!"

ஒண்ணா ஊத்தினாளாம்! என் எண்ணெய்! நான் மூணு வாரம் பொத்திப் பொத்தி வச்ச எண்ணெய்! "உங்களுக்கு மூக்கு எங்க போச்சு?" என்று அவள்மேலேயே பாய்ந்தேன். ஜாடியை வாசல்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மகாராணி என்னையே பார்த்தாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"தெரியும்டி! ஈரப் புதினாவ எண்ணெயில போட்டா மணக்கவா செய்யும்? நிழல்ல நொறுங்கக் காயவைக்கணும்! கிராம்ப வெறும் சட்டில சூடு காட்டணும்! ஜாடியத் தொடச்சு வெயில்ல கவுக்கணும்! இதுகூடத் தெரியாம தொழில் பண்ண வந்துட்டா, தொழிலு!"

தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் அழவில்லை. நான் கத்தி முடிக்கும்வரை நின்று கேட்டாள்.

ஏப்ரல் 5

அவளிடம் மன்னிப்புக் கேள் என்கிறார் இவர். நான் எதற்கு மன்னிப்புக் கேட்கணும்?

ஏப்ரல் 11, சனி

அவள் பார்லருக்குப் போய் மன்னிப்புக் கேட்டாளாம். அந்த நாறின ஜாடியைத் தானே தேய்த்துக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தாளாம். நடிப்பு! இவளுக்கா நடிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

மே 13, புதன்

கோபம் ஆறியிருக்கும் என்று புது எண்ணெயோடு பார்லருக்குப் போனேன். அந்தம்மா உட்காரக்கூடச் சொல்லவில்லை. "எனக்குக் கொடுக்க ஆள் இருக்காங்க" என்றாள்.

மேஜைமேல் ஒரு பாட்டில். எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். தெளிவு. திறந்து மோந்தேன். முதலில் கிராம்பு, பின்னாலேயே புதினா. எங்காவது கொஞ்சம் புளிப்பு இருக்காதா என்று திரும்பத் திரும்ப மோந்தேன். இல்லை.

"உங்க மாடி வீட்டுப் பொண்ணு செஞ்சதுதான். எப்படிம்மா இவ்வளவு நல்லா வருதுன்னு கேட்டேன். எங்க அக்கா சொல்லிக்கொடுத்தாங்கன்னு சொன்னா."

மூடியைத் திருகி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.