அந்த ஒரு கிலோ

என்னங்க,

டயாலிசிசுக்குக் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் தனியாகவே போய்க்கொள்வேன், பின்னாலேயே ஓடி வர வேண்டாம்.

நேற்று எடை மெஷின் ஒரு கிலோ கூடக் காட்டியதும், "திருட்டுத்தனமா தண்ணி குடிச்சியா?" என்று கேட்டீர்கள். டம்ளர் ஈரமா என்று விரலை விட்டு வேறு பார்த்தீர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. நீங்கள் பாட்டிலில் போட்ட கோட்டைத் தாண்டி நான் ஒரு வாய் குடித்ததில்லை.

நீர் கோத்திருக்கிறதா என்று காலையில் கணுக்காலை அழுத்திப் பார்த்தேன், குழி விழவில்லை. தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்தேன், மூச்சு முட்டவில்லை. ஆனால் ரவிக்கைக் கைதான் மேலே ஏற மாட்டேன் என்கிறது. தண்ணீர் போய்ப் புஜத்திலா உட்காரும்?

அங்கே பழைய எடைக்கே இறக்குகிறோம் என்று உடம்பில் இல்லாத தண்ணீரை உறிஞ்சுகிறார்கள். அதனால்தான் போன தடவை கெண்டைக்கால் அப்படிப் பிடித்து இழுத்தது. இன்று டாக்டரிடம், "என் எடை எவ்வளவு இருக்கணும்னு புதுசா பாருங்க, அப்புறம் ஊசி போடுங்க" என்று சொல்லப் போகிறேன். முறைத்தால் முறைக்கட்டும்.

குழாய் ரிப்பேர்காரர் வருவார். குடிக்கத் தண்ணீர் கேட்டால் கொடுங்கள். அவருக்கும் அளந்து ஊற்றாதீர்கள்.

பி.கு: எனக்கு முடியாமல் போனதிலிருந்து வீட்டில் சமைப்பது யார்? அந்த ஒரு கிலோ நான் திருடிய தண்ணீர் இல்லை. நீங்கள் ஆக்கிப் போட்ட சோறு. இன்றைக்கும் எனக்கும் சேர்த்தே உலை வையுங்கள், பசியோடுதான் வருவேன்.