தப்புக்கு மட்டும் என் பேர்

நாமக்கல்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அஃபீபாவுக்கு, அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அத்தாவும் மாடியில் நீ விட்டுப்போன ரோஜாச் செடிகளும் வெயிலில் வாடினாலும் உயிரோடு சுகம். நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் காய்ச்சல் தலைவலி இல்லாமல், வேளைக்குத் தின்று சுகமாக இருக்கிறாய் என்று நம்பியே எழுதுகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் காகிதம் என்பாய். நம் குடும்ப வாட்ஸ்அப்பில் எதைச் சொன்னாலும் அரை மணியில் வாழப்பாடிச் சொந்தங்கள் வரை போய்விடுகிறது, நானோ இப்போது வாயைக் கட்டுவதாகக் கையெழுத்துப் போட்டவள். அத்தாவின் சிநேகிதர் மகன் வெள்ளிக்கிழமை உன் ஊர்ப் பக்கம் பறக்கிறான், பருப்புப் பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான், எனக்குக் கிடைத்துவிட்டது. ஆராய்ச்சி முடிவுகளை வெளியிடுவதற்கு நாலைந்து நாள் முன்பே நிருபர்களுக்கு மட்டும் காட்டும் அந்த வெளிநாட்டு அறிவியல் செய்தித் தளத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். குறித்த நாள் குறித்த மணி வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது, அதற்குப் பெயர்தான் எம்பார்கோ. நோன்பு மாதத்தில் முதல் தடவை திருப்பி அனுப்பினார்களே, அப்போது நீ என்ன சொன்னாய்? விடும்மா, டிகிரி முடிச்சவங்களுக்கே கிடைக்காது என்றாய். நான் அதை மறக்கவில்லை, இன்றைக்கு நாலு தடவை நினைத்துச் சிரித்துவிட்டேன். மறுபடி போட்ட விண்ணப்பத்தில் படிப்பு என்ற இடத்தைக் காலியாக விடச் சொன்னாய் அல்லவா, விடவில்லை. கால்நடை மருத்துவம், இரண்டாம் வருடம், முடிக்கவில்லை, வகுப்பில் உட்காரப் பொறுமை இல்லை என்றே எழுதினேன். அதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் கேட்டது வேறு. கம்பெனி விளம்பரம் எழுதுகிறவளா என்று கேட்டார்கள், தீவனக் கம்பெனிக்காரன் நோட்டீஸ் எழுதக் கூப்பிட்டபோது போகாதது நல்லதாகப் போயிற்று. அப்புறம் என் பெயர் போட்டு வெளியான செய்தி மூன்று, ஆசிரியரிடமிருந்து கடிதம் ஒன்று கேட்டார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நம் வாரப் பத்திரிகையில் பதினொரு வருடமாக எழுதுகிறேன், ஒன்றிலும் என் பெயர் கிடையாது, எல்லாவற்றிலும் நமது நிருபர். யார் எழுதினாலும் அதுதான் ஆசிரியர் ஜீவானந்தம் ஐயாவின் சட்டம். இவையெல்லாம் நான் எழுதியவை என்று ஒரு கடிதம் கேட்டேன், ஒருத்தருக்குப் பெயர் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள், போய் வேலையைப் பார் என்றார்.

எனக்கு அந்தத் தளம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று உனக்கு முழுதாகத் தெரியாது. போன வருடம் முட்டையில் கிருமி என்று ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சி வந்தது. யாரோ போட்ட தலைப்பைப் பார்த்து ஒரு மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தேன். ஆராய்ச்சி வாத்து முட்டையைப் பற்றி. நம் ஊரில் முட்டை என்றால் கோழி முட்டைதானே, நான் கோழி என்று எழுதிவிட்டேன். மூன்று நாள் கேரளா போகும் லாரிகள் பாதி லோடோடு போயின. புதுச்சத்திரத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் வள்ளியாத்தாள் ஆபீசுக்கே வந்து, கோழிக்கும் வாத்துக்கும் வித்தியாசம் தெரியாதவளுக்குப் பேனா எதுக்கு என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். நாலு நாள் முன்பே அந்த ஆராய்ச்சி கையில் இருந்திருந்தால் முழுதாகப் படித்து, ஆராய்ச்சி செய்தவரையே கேட்டு எழுதியிருப்பேன். அந்த வாரம் ஜீவானந்தம் ஐயா கட்டம் கட்டித் திருத்தம் போட்டார், செய்தியாளர் ரிஹானாவின் தவறுக்கு வருந்துகிறோம் என்று. அதைத்தான் ஒருநாள் துணி மடிக்கும்போது நினைத்தேன், அப்படியே போட்டுவிட்டு எழுந்து பழைய பேப்பர்களைக் கொட்டித் தேடினேன். என் பெயர் மூன்று தடவை அச்சாகியிருக்கிறது. ஒன்று வாத்து. இன்னொன்று மரவள்ளியில் மாவுப்பூச்சியை ஒழிக்க விட்ட நல்ல குளவியையே நாசக்காரப் பூச்சி என்று எழுதியது. மூன்றாவது, ஒரு புள்ளி இடம் மாறி போர்வெல் தண்ணீரில் உப்பைப் பத்து மடங்கு ஆக்கியது.

மூன்றையும் கொண்டுபோய் ஐயா மேசையில் பரப்பினேன். "பதினொரு வருசமா சரியா எழுதுனா நமது நிருபர், தப்பா எழுதுனா மட்டும் ரிஹானாவாங்க?" என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். கடைசியில் அந்த மூன்று செய்தியும் திருத்தமும் இவருடையவைதான் என்று லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்று தப்பையும் அப்படியே அனுப்பினேன். உன் அத்தா தலையில் கை வைத்துக்கொண்டார், வேலை கேட்டுப் போறவ திருட்டுக் கேஸ் பேப்பரைக் காட்டுவாளா என்றார். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. தன் தப்பைத் தன் பெயரிலேயே திருத்துகிறவரிடம் நம்பிக் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். பெயர் போட்டது நான் இல்லை, ஐயாதான் என்று உடனே எழுதினேன். இப்படி மறைக்காமல் சொன்னதற்கும் சேர்த்துத்தான் உங்களைச் சேர்க்கிறோம் என்றார்கள்.

முதல் செய்தி நேற்றே வந்துவிட்டது, புதன் மதியம் மூன்றரை வரை வெளியே விடக் கூடாது, அதனால் அது என்னவென்று இதில் தேடாதே. அத்தா முட்டை ஏற்றுகிறவர் அல்லவா, அவருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. குழம்பு ஊற்றும்போது முகத்தைப் பார்க்கிறார், லோடு கூட்டட்டுமா குறைக்கட்டுமான்னு மட்டும் சொல்லு என்கிறார். சோற்றைத் தின்னுங்க என்றேன்.

நீ ஜெர்மன் பரீட்சையில் ரெண்டாவது தடவையும் தோற்றுப் போனதை அத்தாவிடம் சொல்ல வேண்டாம் என்று அழுதாயே, இதுவரை சொல்லவில்லை. ஆனால் எம்பார்கோ என்றால் அதற்கு ஒரு தேதி உண்டு, தேதி இல்லாமல் மூடி வைப்பது வேறு. அந்த மார்க் ஷீட்டைக் கிழிக்காதே. எந்த இடத்தில் போனாய் என்று அதில்தான் இருக்கும். ராத்திரி டூட்டி முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே, தலைக்கு எண்ணெய் வை.

வியாழன் காலை

உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். நேற்று மூன்றரை தாண்டிவிட்டது, இனிச் சொல்லலாம். வெயில் காலத்தில் கோழிக்குத் தீவனம் போடும் நேரத்தை மாற்றினால் முட்டை ஓடு தடிக்குமா என்ற ஆராய்ச்சி, தடிக்கிறதாம். செய்தவர் ஹாலந்துக்காரப் பெண், போனில் பிடித்து முதல் கேள்வியாக எந்தப் பறவை என்று கேட்டேன், அவர் சிரித்து முடிக்கவே நேரமானது. நாலு நாளும் படித்தேன், இரண்டு கால்நடை டாக்டர்களிடம் கேட்டேன், அப்புறம்தான் எழுதினேன். இன்றைய பேப்பரில் முதல் பக்கம், நமது நிருபர் இல்லை, ரிஹானா. ஐயாவே போட்டிருக்கிறார். கட்டிங்கை மடித்து இதோடு வைத்திருக்கிறேன்.

எட்டு மணிக்கு வள்ளியாத்தாள் போன். "ஏஞ்சாமி, இதுக்குத் திருத்தம் எந்த வாரம் வருதுங்க?" என்றாள். வராதுங்க என்றேன். பண்ணை ஆளை யாரையோ கூப்பிட்டாள், பின்னால் கோழிகள் கேட்டன. "செரி, தீவன நேரத்த மாத்தச் சொல்லிப்போட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

அல்லாஹ் உன் கையில் பரக்கத்தையும் நாக்கில் அந்த ஜெர்மனையும் தரட்டும், உனக்காக ஐந்து வேளையும் கேட்கிறேன். சனிக்கிழமை இது உன் கைக்கு வந்துவிடும், ஞாபகம் வைத்துக்கொள், வருகிற ஞாயிறு இந்திய நேரம் காலை பத்து மணியோடு உன் எம்பார்கோ முடிகிறது. அத்தாவுக்கு நீயே போன் போடு. பத்து ஐந்துக்கு நான் வெளியிட்டுவிடுவேன், என் பெயரிலேயே.

உன் அம்மா,
ரிஹானா
செய்தியாளர்