அந்தத் தாவல் யாருடையது?

ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நான் நலம். நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாகவே இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தொலைக்காட்சியில் பார்த்தால் கன்னம் நன்றாகவே பூரித்திருக்கிறது.

நீங்கள் அனுப்பிய காகிதங்கள் கிடைத்தன. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் குறி போட்டிருக்கிறீர்கள். எனக்கு வயதுதான் ஆகிறது, எழுத்து மறக்கவில்லை. குறிகளை அழித்துவிட்டேன்.

நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பாருங்கள். 'பீப்' என்ற பெயரில் பாட்டு வெளியிடும் யாரோ ஒருவர், உங்கள் அண்ணன் இசையமைத்த புகழ்பெற்ற பாட்டிலிருந்து திருடிவிட்டார். அந்தப் புதுப்பாட்டை இந்த மாதக் கடைசிக்குள் எல்லா இடங்களிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். திருடியவர் அண்ணனின் நினைவு விழாவில் மேடையேறி மன்னிப்புக் கேட்க வேண்டும். பாட்டின் உரிமை மனைவி என்ற முறையில் என் பெயரில் இருப்பதால் புகாரில் என் கையெழுத்து வேண்டும். இவ்வளவுதானே?

இந்தக் காலத்துப் பாட்டுகளைப் பற்றி எனக்கும் நல்ல அபிப்பிராயம் இல்லை. மருந்துக் கடையில், லிஃப்டில், பல் டாக்டர் வீட்டு வரவேற்பறையில் என்று எங்கே போனாலும் ஒரே தடதடப்பு. பாடுகிறவர்கள் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பாடுகிறார்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது பக்கத்தில் இருப்பவர் சொன்னால்தான் தெரிகிறது. ஆகவே நான் உங்கள் எதிர்க்கட்சி என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் புரியாத எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. கான்வென்டில் சிஸ்டர் கற்றுக்கொடுத்த பழக்கம். உங்கள் காகிதத்தில் "பாடலின் ஆன்மா களவாடப்பட்டது" என்று இருக்கிறது. ஆன்மாவை யாரும் பார்த்ததில்லை. திருடு போனது மெட்டா, வரிகளா, இல்லை அந்தத் தாவலா? இரண்டாவது வரியின் முடிவில் எட்டு எண்ண வேண்டிய இடத்தில், ஏழிலேயே விட்டு அடுத்த வரிக்குத் தாவுமே, ஊரே கொண்டாடும் அந்த இடத்தைத்தான் சொல்கிறீர்களா? அடுத்த பேட்டியில் இதைத் தெளிவாக, நாலு பேர் கேட்கச் சொல்லுங்கள். எது அண்ணனுடைய சொந்தச் சரக்கு என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். கேட்டபின் நான் செய்ய வேண்டியதைச் செய்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அண்ணி


வியாழக்கிழமை, பிற்பகல்

தம்பிக்கு,

முன்னால் 'அன்புள்ள' என்று எழுத மறந்துவிடவில்லை.

நேற்றைய பேட்டியை நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் பார்த்தேன். நான் கேட்டுக்கொண்டபடியே தெளிவாகச் சொன்னீர்கள். நெஞ்சில் அடித்துக்கொண்டு வேறு சொன்னீர்கள். "மெட்டு என்னம்மா மெட்டு, மெட்டு எங்க வேணாலும் கிடைக்கும். அந்தத் தாவல் இருக்கு பாருங்க, அது எங்க அண்ணன் ரத்தம். உலகத்துல அதுக்கு முன்னாடி எவனும் போட்டதில்ல. இப்ப இருக்கிற பசங்களுக்குச் சொந்தமா ஒரு தும்மல்கூட வராது" என்றீர்கள். பேட்டி எடுத்த பெண் அந்தப் புதியவரின் பெயரைச் சொன்னதும், "பீப்பாம்! டிவியில கெட்ட வார்த்தை வந்தா அதுக்கு மேல போடுற சத்தம். பேரே காட்டிக் கொடுக்குதே" என்றீர்கள். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

தாவல் பிறந்த கதையையும் கேட்டேன். முதன்முதலில் நீங்கள் அதைச் சொன்னபோது அண்ணன் தெருவில் ஒரு சின்னக் குழியைத் தாண்டினார், உடனே தாளம் தோன்றியது. பிறகு அது சாக்கடையானது. நேற்று மழை வெள்ளம் புரளும் கால்வாயாகிவிட்டது. இன்னும் இரண்டு பேட்டி கொடுத்தால் அவர் கடலையே தாண்டியிருப்பார்.

காகிதங்களைக் கையெழுத்தில்லாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். காரணத்தை உட்கார்ந்து படியுங்கள்.

அந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். துறைமுகத்துப் பழைய சாமான் கடையிலிருந்து அந்த வெளிநாட்டு இசைத்தட்டைச் செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்ததே நீங்கள்தான். கடையிலேயே போட்டுக் கேட்டுவிட்டு, "அண்ணே, இதுல ஒண்ணு இருக்கு, அப்படியே தூக்கிடலாம்" என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னீர்கள். தயாரிப்பாளர் நெருக்கிக்கொண்டிருந்த சமயம். அண்ணன் தலை முதல் கால் வரை தூக்கினார். இதை உங்களுக்குச் செய்தியாகச் சொல்லவில்லை. எனக்கும் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்களுக்குத் தெரியாதது இனிமேல்தான் வருகிறது.

கடையில் நீங்கள் கேட்டபோது அந்தப் பாட்டில் தாவல் இல்லை. ஆகவே அதை அண்ணன் சேர்த்தார் என்று உண்மையாகவே நம்பினீர்கள். அந்த மட்டில் உங்களை முழுப் பொய்யர் என்று நான் சொல்ல மாட்டேன்.

இசைத்தட்டு வந்த மறுநாள், அண்ணன் அதைக் கேட்குமுன்பே, நீங்கள் இருவரும் ஒலிப்பதிவுக்காக வெளியூர் போனீர்கள். நான் அதை வீட்டில் போட்டுக் கேட்டேன். எண்ணிக் கேட்பது என் வழக்கம். எட்டுக்கு எட்டு சரியாக இருந்தது. அன்று சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பாப்பா நாற்காலி மேல் ஏறி, சுற்றிக்கொண்டிருந்த தட்டின் மேல் ஊசியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். மூன்று வயது. கீழ் வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று மாடியேறி வரும் அளவுக்கு ஒரு கீச்சல். அதற்குப் பிறகு இரண்டாவது வரியின் முடிவில் ஊசி ஒரு கோட்டைத் தாண்டி விழுந்தது. எட்டு, ஏழாயிற்று.

அவளுக்கு அது பிடித்துப் போயிற்று. "இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி" என்று என் உயிரை எடுத்தாள். ஊசி தாவும்போது அவளும் நாற்காலியிலிருந்து குதிப்பாள்.

உங்கள் அண்ணன் ஊரிலிருந்து வந்ததும் பனியனோடு ஆர்மோனியத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்த இடம் வந்தது. "அங்க ஊசி தாவுதுங்க, குழந்தை கீறிட்டா" என்றேன். உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார். அந்தக் கை உங்களுக்கும் பழக்கமானதுதான். "வெளிநாட்டுக்காரன் கணக்கே தனி. உனக்கு அதெல்லாம் புரியாது" என்றார். தப்பாக எண்ணினால் விரல் முட்டியில் அடிக்கோல் விழும் வகுப்பில் பியானோ படித்தவள் நான். எனக்குப் புரியாதாம். ஒருமுறை சொன்னதை இரண்டாம் முறை சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஸ்டுடியோவில் நீங்கள் வாத்தியக்காரர்களைப் படுத்திய பாட்டை நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். "ஏழுல தாவுங்கடா" என்று கத்தினீர்கள். டிரம்ஸ் வாசித்தவர், "அண்ணே, மாடிப்படி இறங்குறப்ப ஒரு படி இல்லாத மாதிரி இருக்கு" என்று கெஞ்சினார். அவரையும் திட்டினீர்கள். பிறகு பரிசு வந்தது, மாலை வந்தது. அந்தத் தாவலை இசைப்பள்ளியில் பாடமாகவே வைத்துவிட்டார்கள்.

ஆக, நேற்று நீங்கள் சொன்னது சரிதான். மெட்டு கடையில் கிடைத்தது. அந்தப் பாட்டில் உலகத்தில் அதற்கு முன் யாரும் போடாத ஒன்று உண்டென்றால் அது அந்தத் தாவல்தான். அது உங்கள் அண்ணனுடையது அல்ல. என் மகளுடையது.

இனி, 'பீப்' யார் என்று பார்ப்போம். புகார் எழுதுமுன் நீங்கள் விசாரித்திருக்கலாம்.

அப்பா போன மறுவருஷம் பாப்பா தான் போட்ட மெட்டை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தாளே, நினைவிருக்கிறதா? வாத்தியக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பாதிகூடக் கேட்கவில்லை நீங்கள். "எல்லாம் எங்கயோ கேட்டதா இருக்கும்மா. உனக்குன்னு ஒண்ணும் இல்லியே. பொண்ணா லட்சணமா பாடிட்டுப் போயேன், மெட்டெல்லாம் எதுக்கு?" என்றீர்கள். அவர்கள் சிரித்தது தெருமுனை வரை கேட்டது என்றாள். வீட்டுக்கு வந்து ஆர்மோனியத்தின் மேல் துணியைப் போட்டு மூடினாள். நீங்கள் சொன்ன வார்த்தையை அன்றே மனதில் எடுத்து வைத்துக்கொண்டேன். என்னிடம் எதுவும் கெட்டுப் போகாது.

அவள் காது பரிசோதிக்கும் படிப்புப் படித்தாள். ஒரு காது மருத்துவமனையில் அவளுக்கு வேலை. வெளிச்சத்தம் நுழையாத ஒரு கண்ணாடி அறை அங்கே இருக்கிறது. நோயாளி காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். 'பீப்' என்ற சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டரிடம் சாவி வாங்கிக்கொண்டு போய், அந்த அறைக்குள் உட்கார்ந்துதான் தன் பாட்டுகளைப் பதிவு செய்தாள். பெயர் வந்த கதை அதுதான். கெட்ட வார்த்தை எதையும் அவள் மறைக்கவில்லை.

ஆம், தம்பி. அண்ணன் ரத்தத்தைத் திருடிவிட்டாள் என்று நீங்கள் ஊரைக் கூட்டிச் சொன்னது அண்ணன் மகளைத்தான்.

தாவலை அவள் தெரிந்து போடவில்லை. இது எதற்கு என்று அவளிடம் ஒருநாள் கேட்டேன். "அது இல்லேன்னா பாட்டு நொண்டுதும்மா" என்றாள். எல்லோருக்கும் நொண்டுவது அவளுக்கு நடை. அவளுடைய பாட்டிலும் எனக்குக் குறை உண்டு. வரிகள் சரியாகக் காதில் விழவில்லை, முடிவை இழுக்கிறாள். அவளிடமே சொல்லிவிட்டேன். ஆனால் அது அவளுடையது.

அந்தக் காலத்தில் எல்லாம் சொந்தம், இந்தக் காலத்தில் எல்லாம் திருட்டு என்று மேடைக்கு மேடை பேசுகிறீர்கள். நான் இரண்டு காலத்திலும் குடித்தனம் செய்தவள். அப்போது திருட்டு குறைவாக இல்லை, சாட்சி குறைவாக இருந்தது. ஒரு இசைத்தட்டு கப்பலில் வந்து ஒரு கடையில் இறங்கும். அதை வாங்கியவர் மேதை. இன்று பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அசலைத் தேடி எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறது. இப்போது திருடத் துணிகிறவனுக்கு அண்ணனைவிட நெஞ்சுரம் வேண்டும்.

இன்று காலை நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். உங்களைப் பேட்டி எடுத்த அதே பெண்ணைக் கூப்பிட்டேன். காமிராவோடு வந்தாள். நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய பிளேயரில் இசைத்தட்டைப் போட்டேன். வாய்விட்டு எண்ணினேன். ஏழில் ஊசி தாவியது. பிறகு தட்டை விளக்குக்குக் கீழே சாய்த்துக் கீறலைக் காட்டினேன். கடை, செய்தித்தாள், வாசலில் நீங்கள் சொன்ன வார்த்தை, எதையும் விடவில்லை. அந்தப் பெண், "பாட்டி, இதை நாங்க அப்படியே போடலாமா?" என்று கேட்டாள். நான் உனக்குப் பாட்டி இல்லை, அப்படியே போடு என்றேன். நாளை மாலை வருகிறது. உரிமைக்காரி என்ற முறையில் எனக்குப் புகார் எதுவும் இல்லை என்று பாப்பாவின் பாட்டை வெளியிட்ட நிறுவனத்துக்கும் எழுதிவிட்டேன். பாட்டு இருந்த இடத்திலேயே இருக்கும்.

பாப்பா தடுத்தாள். "வேண்டாம்மா, சித்தப்பாவுக்கு வயசாச்சு. அப்பா பேரும் சேர்ந்துல்ல போகும்" என்று அழுதாள். போகட்டும் என்றேன். உங்கள் அண்ணன் யாரிடமும் எடுக்காமல், தானே உட்கார்ந்து போட்ட மெட்டுகள் மூன்று உண்டு. நீங்கள் ஒரு மேடையிலும் அவற்றைப் பாடவைத்ததில்லை. கைதட்டல் வராது என்றீர்கள். இந்தப் பாட்டு விழுந்தால் யாராவது அவற்றைத் தேடிப் போகக்கூடும். ஒரு மனைவி இதற்கு மேல் என்ன மரியாதை செய்ய முடியும்?

நினைவு விழாவை நிறுத்த வேண்டாம். அழைப்பிதழில் என் பெயரைப் பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். வருவேன். முன்வரிசையில், உங்கள் முகம் தெரிகிற இடத்தில் உட்காருவேன். மேடையில் மன்னிப்புக் கேட்பதற்கு நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் நேரம் அப்படியே இருக்கட்டும். யார் கேட்பது என்பதை மட்டும் நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்று கேட்கிறேன், இதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாளை நிகழ்ச்சி முடிந்ததும் பாப்பா உங்களைக் கூப்பிடுவாள். நான் எவ்வளவு சொன்னாலும் கூப்பிடுவாள். அவள் என்னைப் போல இல்லை. என் சார்பில் உங்களிடம் வருத்தம் தெரிவிப்பாள். அதைச் சொல்ல விடாதீர்கள். போனை எடுங்கள், எடுத்து, 'சாப்பிட்டியா' என்றாவது கேளுங்கள். அவளுக்கு அப்பா வழியில் மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர்தான். அதை நான் மாற்ற முடியவில்லை.

நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். கண் மங்கலாம், கால் தளரலாம். செவி மட்டும் கடைசி நாள் வரை தெளிவாக இருக்கட்டும். அவள் இன்னும் நிறையப் பாட்டுப் போடப் போகிறாள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா