நான்கு நிமிடம் இருந்த படம்

கிழக்குத் தாம்பரம்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மாளவிகாவுக்கு,

ஹில்டா எழுதுவது. இங்கே நானும் அவரும் ஜெர்சனும் சுகம். அங்கே நீயும் அச்சுதனும் குழந்தையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். ஜெர்மனியில் குளிர் தொடங்கியிருக்கும். இங்கே மழை வருகிறேன் வருகிறேன் என்று போக்குக் காட்டுகிறது. போனில் பேசாமல் எதற்கு இவ்வளவு நீள மெயில் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ பேச்சை மாற்றுவாய், நானும் மாற்ற விட்டுவிடுவேன். நம் இருவருக்கும் அது கைவந்த கலை.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். நம் வாட்ஸப் குழுவில் நூற்று நாற்பது பேர் ஆகிவிட்டார்கள். பெண்கள் அளவில் சேஃப்டி ஷூ எங்கே கிடைக்கும் என்று தாம்பரம் பிளாட்பாரத்தில் நீ என்னைக் கேட்டதில் ஆரம்பித்தது. ஆண்கள் ஷூவில் பஞ்சை அடைத்துக்கொண்டு நடந்த ஐந்து பேர் நாம். இப்போது இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எந்த ஷாப்பில் இடம் காலியானாலும் எச்.ஆருக்குத் தெரியும் முன்னே நம் பெண்களுக்குத் தெரிந்துவிடுகிறது. போன மாதக் கூட்டம் வழக்கம்போல் சிட்லபாக்கத்தில், நாகலக்ஷ்மி அக்கா வீட்டில். ரிட்டயர் ஆகி மூன்று வருடமாகியும் அக்காவுக்கு ஃபவுண்டரியைத் தவிர வேறு பேச்சில்லை. புதிதாகச் சேர்ந்த சின்மயிக்கு அந்தக் கூட்டத்திலேயே ஒரு வேலைக்கு வழி பிறந்தது. கேசரி செய்திருந்தார்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள், நானும் சொன்னேன்.

பிளஸ்ஸியைப் பற்றித்தான் எழுத வந்தேன். பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து டிப்ளமோ முடித்து வந்த பெண். குழுவில் சேர்த்தவள் நீ. பிரஸ் ஷாப்பில் சூபர்வைசர் வேலைக்குச் சிபாரிசு செய்தவள் நான். உங்கள் கம்பெனிக்குச் சரக்கு அனுப்புகிற, நீ தரம் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற அதே தொழிற்சாலை.

ஆகஸ்டில் ஒரு நாள் மதியம் அவள் குழுவில் ஒரு படம் போட்டாள். தகடு வெட்டுகிற பழைய பிரஸ் மிஷின். கை உள்ளே சிக்காமலிருக்க, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் இறங்க வேண்டும். அதில் ஒரு பட்டனை, வேலை வேகமாக நடக்கட்டும் என்று, டேப் சுற்றி அழுத்தியே வைத்திருந்தார்கள். இதை யாரிடம் சொல்வது அக்கா என்று கீழே எழுதியிருந்தாள். படத்தின் ஓரத்தில் கம்பெனி பெயர் தெரிந்தது.

குழு அட்மின் நான், நான்கு நிமிடத்தில் அழித்துவிட்டேன். கம்பெனி பெயர் கூடாது, உள்ளே எடுத்த படம் கூடாது என்பது நம் விதி. இது என்ன சங்கமா என்று ஒரு எச்.ஆர். கேட்ட பயத்தில் நீ எழுதி, நான் திருத்திய விதி. கவனமாக இரு என்று அவளுக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினேன். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. சரியாகச் செய்தாய் என்று நீயும் அன்றே எனக்கு எழுதினாய்.

பதினெட்டு நாள் கழித்து, ஆபரேட்டர் வராத ஷிஃப்டில், அவளே அந்த மிஷினில் உட்கார்ந்தாள். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. டேப் சுற்றியதே அவள்தான் என்கிறது கம்பெனி. படம் எடுத்த அன்றே மேனேஜர் அவள் போனை வாங்கி எல்லாவற்றையும் அழிக்க வைத்திருக்கிறார். வருகிற வியாழக்கிழமை விசாரணை. தேதியோடு அந்தப் படம் இருந்தால், முன்பே தெரிந்து அவள் கேட்டிருக்கிறாள் என்று ஆகும். இல்லையென்றால் தன் விரலைத் தானே வெட்டிக்கொண்டவள் என்று எழுதி மூடிவிடுவார்கள்.

போய்ப் பார்த்தேன். எட்டாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. அவள் அம்மா டீ கொடுத்தார். பிளஸ்ஸி என்னைத் திட்டவில்லை. "நீங்க அழிச்சப்போ நா இன்னா நெனச்சேன் தெரியுமாக்கா? பெரியவங்க கையில எடுத்துகினாங்க, இனிமே அவங்க பாத்துப்பாங்கன்னு நெனச்சேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

எனக்கு அழுகை வரவில்லை மாளு. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் எப்படியோ அப்படி இருக்கிறது. ஏழரை பஸ் பிடிக்கிறேன், அளவு பார்க்கிற கேஜ்களைச் சோதிக்கிறேன், சரி என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். நீயா மிஷினை ஓட்டினாய், சும்மா இரு என்கிறார் இவர். நான் இரண்டு வாயாவது சாப்பிட வேண்டுமே என்பதற்காகச் சொல்கிறார். ஒருத்திக்காக நூற்று நாற்பது பேர் வயிற்றில் அடிக்காதே என்று நாகலக்ஷ்மி அக்கா சொன்னார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அதுதான் பயமாக இருக்கிறது.

படம் வந்ததும் நான்தான் அழித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு பிளஸ்ஸியிடம் கொடுத்துவிட்டேன். என் வேலைக்கு என்ன ஆகுமோ தெரியாது. ஆனால் வெறும் வாய்ச்சொல் விசாரணையில் நிற்காது. என் போனில் வருகிற படம் கேலரியில் தானாகச் சேராது. குழுவில் கேட்டேன். பார்த்தவர்கள் பார்க்கவில்லை என்கிறார்கள். உன் போனில் வருகிற படமெல்லாம் சேரும். ஜெர்சன் பிறந்தநாள் படத்தை மூன்று வருடம் கழித்து நீதானே தேடி அனுப்பினாய்?

அனுப்பினால், அன்றே ஏன் சொல்லவில்லை என்று உன் மேலதிகாரி உன்னைக் கேட்பார் என்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். முடியாது என்றால் முடியாது என்று எழுது, உன்மேல் எனக்குக் கோபம் வராது. உன்னிடம் இல்லை என்று மட்டும் எழுதிவிடாதே.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டாரையும் உன் கைகளையும் காப்பாராக.

என்றும் உன்,
ஹில்டா சத்தியநாதன்