யாரும் குறித்து வைக்காத பிறந்த நாள்

அம்மா,

இன்று மதியம் பீச் ஸ்ட்ரீட் அலுவலகத்தில் என் மேசைக்கு ஒரு பெட்டி வந்தது. பக்கத்து இருக்கைச் சீனப் பெண்ணின் குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்திருக்கிறது, அதற்கு அவர்கள் வழக்கப்படி எல்லாருக்கும் கொடுக்கிற பெட்டி. பெட்டிக்குள் புலுட் என்கிற மஞ்சள் ஒட்டரிசிச் சோறு, கோழிக்கறி, சிவப்புச் சாயம் பூசிய முட்டைகள். பெண் குழந்தைதானே, எதுவும் செய்ய வேண்டாம் என்று மாமியார் சொல்லிவிட்டாராம். இவளே கடையில் சொல்லிச் செய்து எடுத்து வந்திருக்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் ஒரு முட்டையை உரிக்கத் தொடங்கினேன். உனக்கு யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள் என்ற நினைப்பு வந்தது. அதற்கு மேல் உரிக்க முடியவில்லை.

ஒரு மாதம் நிறையும்வரை நீ பிறந்த வீட்டில் இருக்கவே இல்லையே.

உன்னை முதலில் பார்ப்பவர்கள் குழம்பிப் போவார்கள். சீன முகம், நெற்றியில் குங்குமம், தலையில் மல்லிகை, பேச்செல்லாம் தமிழ். பாசாரில் மீன்காரர் ஹொக்கியனில் விலை சொல்வார், நீ மலாயில் பேரம் பேசுவாய். துறைமுகத்தில் வேலை பார்த்த, பிள்ளையில்லாத ஒரு தமிழ்த் தம்பதி உன்னை எடுத்து வளர்த்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். பெற்றவர்களைப் பற்றிக் கேட்டால், “நோய் வந்து செத்துட்டாங்க” என்பாய். மேலே கேட்டால் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுவாய். நாங்களும் நம்பினோம்.

பட்டர்வொர்த் வீட்டில் தம்பிக்குப் பிறந்த நாள் என்றால் நீ ஃபெரி ஏறிக் கடலுக்கு அந்தப் பக்கம், தீவிலிருக்கும் ஜார்ஜ் டவுனுக்குப் போய்க் கேக் வாங்கி வருவாய். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்துவிடுவார்கள். என் பிறந்த நாளுக்குக் கோயிலில் ஓர் அர்ச்சனை, வீட்டில் கேசரி. ஒரு வருடம் எனக்கும் கேக் வேண்டும் என்று அடம்பிடித்தேன். நீ அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. என் தலையை வாரிக்கொண்டே, “அவன் ஆம்பளப் பிள்ள லா. நாளைக்கு நம்ம பேரச் சொல்லப் போறவன்” என்றாய், வெளியே வெயில் அடிக்கிறது என்று சொல்வதைப் போல. கோழித் தொடை அவன் தட்டுக்குப் போனதும் அவன் பள்ளிக் காலணியை நான் கழுவியதும் அப்படித்தான். உன்னிடம் வன்மம் இருந்ததில்லை. அதனாலேயே சண்டை போடவும் எனக்குத் தெரியவில்லை. நான் ஏதோ குறையோடு வந்தவள் என்று வெட்கப்படத்தான் கற்றுக்கொண்டேன்.

அப்பா இறந்த மறு வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சீனப் பெரியவர் வந்தார். நானும் அன்று உன் வீட்டில் இருந்தேன். அவருடைய மகள் பாலம் வழியாகக் காரில் கூட்டி வந்திருந்தாள். வாசலில் நின்றவரின் முகத்தைப் பார்த்ததுமே யாரென்று புரிந்துவிட்டது. உன் கண், உன் தாடை. உள்ளே வந்து உட்கார்ந்தவர் நிமிரவே இல்லை. அவருக்கு மலாய் தடுமாறியது. அவர் விட்ட இடத்தை மகள் எடுத்துச் சொன்னாள்.

உன்னைப் பெற்றவர்கள் நோயில் சாகவில்லை. ஜார்ஜ் டவுன் கரையோரம், கடலில் கால் நட்டுக் கட்டிய பலகை வீடுகளில் ஒன்றில் வாழ்ந்திருக்கிறார்கள். வரிசையாகப் பெண்கள் பிறந்த அந்த வீட்டில் நீ கடைசிப் பெண். இந்தக் குழந்தையை வேற்று இனத்தாருக்குக் கொடுத்துவிட்டால் அடுத்தது ஆண் என்று குறி சொல்பவர் சொன்னாராம். கொடுத்துவிட்டார்கள். அடுத்துப் பிறந்தவர்தான் இவர். இத்தனை காலம் இவரிடம் யாரும் வாய் திறக்கவில்லை. படுக்கையில் கிடக்கும் மூத்த அக்கா சமீபத்தில்தான் சொல்லியிருக்கிறார். மலாயில் உன்னை அக்கா என்று அழைத்து, “நான் பிறப்பதற்காக உங்களைக் கொடுத்துவிட்டார்கள்” என்று சொன்னார். பிறந்ததே தான் செய்த தப்பு என்பதைப் போல முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நீ அழவில்லை, திடுக்கிடவும் இல்லை. எல்லாம் உனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பெற்றவர்கள் செத்துவிட்டார்கள் என்றால் ஊர் பரிதாபப்படும். வேண்டாம் என்று கொடுத்துவிட்டார்கள் என்றால் உன்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்க்கும். அவர்கள் பட வேண்டிய வெட்கத்தை ஆயுள் முழுக்க நீ பட்டிருக்கிறாய்.

அவர்களுக்குக் காப்பி கொடுத்தாய். பிறகு அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாய், நான் பிறந்தது எந்த நாள் என்று.

உன் அடையாள அட்டையில் இருந்தது, வளர்த்தவர்கள் பதியப் போனபோது உத்தேசமாகச் சொன்ன தேதி. கோயிலில் அர்ச்சனைக்கு எங்கள் நட்சத்திரங்களைச் சொல்வாய். உன் முறை வரும்போது, சாமி பேருக்கே செய்யுங்கள் என்பாய். அதைப் பக்தி என்றே நினைத்திருந்தேன்.

அவருக்குத் தெரியவில்லை. பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, தன் அப்பாவின் பிறந்த நாளுக்குப் பாட்டி, உன்னைப் பெற்றவர், சாகும்வரை தன் கையால் மீ நூடுல்ஸ் சமைத்துக் கொடுப்பார் என்று மகள் சொன்னாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. மூத்த அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அவர் எழுந்துகொண்டார்.

அவர்கள் போன பிறகு நாம் இருவரும் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். குழாயை மூடிவிட்டுக் கேட்டாய்.

“உனக்கும் நான் அதத்தானே செஞ்சேன்?”

“இல்லம்மா.”

“பொய் சொல்லாத.”

சில நாள் கழித்து அவருடைய மகள் போன் செய்தாள். மூத்த அக்காவுக்கும் தேதி நினைவில்லை. மதிய நேரம், கடல் ஏறித் தண்ணீர் பலகைக்கு அடியில் மோதிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் ஞாபகம் என்றாராம். நீ அதை எல்லாரிடமும் சொன்னாய். யார் கேட்டாலும், நான் தண்ணி ஏறுன நேரத்துல பொறந்தவ என்றாய்.

அந்த வருடம் என் பிறந்த நாளுக்கு, மடியில் கேக் பெட்டியை வைத்துக்கொண்டு ஃபெரியில் என் வீட்டுக்கு வந்தாய். எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. தம்பியும் வந்திருந்தான். அவன் சன்னலைப் பார்த்தபடி நின்றான். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கூச்சமாக இருந்தது. உனக்கும்தான். “ஊது” என்றாய், என் முகத்தைப் பார்க்காமல். அடுத்த பிறந்த நாளுக்கு நீ இல்லை.

போன வாரம் என் சின்ன மகள், தான் பிறந்த கதையைச் சொல்லச் சொன்னாள். கிழமை, நேரம், அன்று பெய்த மழை, தாதி அவளைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். இரண்டாவதும் பெண் என்று அவள் அப்பாவிடம் போனில் சொன்னபோது, என் குரல் மன்னிப்புக் கேட்கிற குரலாக இருந்தது. நீ கட்டிலோரம் நின்று, “பரவால்ல, அடுத்தது பையனா இருக்கும்” என்றாய். குழந்தையை மார்பில் வைத்துக்கொண்டே நானும் தலையாட்டினேன்.

கதை முடிந்ததும் அவள் கேட்டாள்: “என்னைப் பாத்ததும் சந்தோஷப்பட்டியாம்மா?”

“ஆமா” என்றேன். உடனே வந்திருக்க வேண்டிய சொல், கொஞ்சம் தாமதமாக வந்தது. அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு சரி என்று எழுந்து அறைக்குப் போய்விட்டாள்.

அந்தத் தாமதம் என்னைவிட்டுப் போகவில்லை, அம்மா. மிச்சத்தையும் அவளிடம் சொல்லிவிட வேண்டும். அன்று கோப்பை கழுவும்போது நீ கேட்டாயே, அப்படிப் பெற்ற மகளிடம் தன் தப்பைச் சொல்லத் துணிந்தவள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான். எப்படித் தொடங்குவது என்று உன்னிடம் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.