இரண்டு சுழி

கள்ளக்குறிச்சி,
வெள்ளிக்கிழமை

என் பிரியமானவளுக்கு,

சின்னசேலத்தில் மகளும் குழந்தையும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். உன் தகரப் பெட்டிச் சாவியை மாப்பிள்ளையிடம் கொடுத்து உடனே அனுப்பு.

நேற்று புது வக்கீலோடு சிறைக்குப் போய் நம் முனியனைப் பார்த்தேன். கல்வராயன் மலையிலிருந்து வந்த அவனுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவன் நான். என்னைக் கண்டதும் அவன் கேட்டது, "அம்மா நல்லாகீறாங்களா சார்?" என்றுதான். உன் புளிச்சோற்றை இன்னும் மறக்கவில்லையாம்.

கொலையான வீட்டு நகையை அடகு வைத்தவன் அவன்தான் என்று, சீட்டில் இருந்த கையெழுத்தை நம்பித்தானே தூக்குத் தண்டனை கொடுத்தார்கள்? அந்தச் சீட்டை நேற்றுதான் கண்ணால் பார்த்தேன். 'முனியன்' என்று பிழையில்லாமல் இருக்கிறது. நம்மவன் 'முணியண்' என்றல்லவா எழுதுவான்? தேனுக்கு இரண்டு சுழி, கிணற்றுக்கு மூன்று சுழி என்று எத்தனை உதாரணம் சொல்லியிருப்பேன். இது வேறு யாரோ போட்ட கையெழுத்து.

"எத்தினி தபா அடிச்சீங்க சார், வந்துச்சா?" என்று கம்பிக்குப் பின்னால் சிரித்தான்.

கைதாவதற்கு முன்பு வருஷா வருஷம் அவன் உனக்கு அனுப்பிய பொங்கல் வாழ்த்துகள் அந்தப் பெட்டியில்தான் இருக்கின்றன. தபால் முத்திரைத் தேதியோடு அவற்றைக் காட்டினால், வழக்கைத் திரும்ப விசாரிக்கக் கேட்கலாம் என்கிறார் வக்கீல். எனக்கு அவன் ஒன்றுகூட அனுப்பியதில்லை. அனுப்பியிருந்தால் உன்னிடம் கேட்டிருக்க மாட்டேன்.

கையெழுத்தை மட்டும் பார்ப்பேன், மற்றதைப் படிக்க மாட்டேன் என்று எழுத நினைத்தேன். அது பொய். என்னை விசாரித்து ஒரு வரியாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் தேடத்தான் போகிறேன்.

உன் வாத்தியார்