கழுவக் கூடாத பஞ்சு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, மூன்று மீன்கள், எல்லோரும் சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன். மீன்களா என்று நீ கேட்பது காதில் விழுகிறது, பொறு, அதற்குத்தான் வருகிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்றும் கேட்பாய். போனில் என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிடுகிறது பட்டு. பேனா கொஞ்சம் மெதுவாகப் போகும், தப்பாக வந்தால் அடித்துவிட்டு வேறு எழுதலாம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் நீ போனில் அழுதாயே, அது என் காதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. நீ தனியாக இருக்கும் அறைக்கு ஒரு சின்ன மீன் தொட்டி வாங்கி, அன்றைக்கே மீனையும் வாங்கி விட்டு, மூன்றாம் நாள் எல்லாம் செத்து மிதந்ததென்று விக்கி விக்கி அழுதாய். நான் என்ன சொன்னேன்? "ஒரு மீனுக்குப் போய் யாராவது இப்படி அழுவாங்களா, தொட்டியக் கழுவிக் கவுத்து வை, நீயும் முகத்தக் கழுவிட்டு வேலைக்குக் கிளம்பு" என்றேன். நீயும் சரிம்மா என்று வைத்துவிட்டாய். பக்கத்தில் யார் வீட்டுச் சுவிட்ச் போர்டையோ பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பா தலையைத் தூக்காமலே, "அவ மீனுக்கா அழுதா?" என்று கேட்டார். உனக்குத்தான் தெரியுமே, அந்த மனிதர் மாதத்துக்கு ஒரு வாக்கியம் பேசுவார், அதையும் சுருக்கென்று குத்துகிற மாதிரி பேசுவார். எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன். அன்றிலிருந்து நீ போன் செய்யாமல் இல்லை. நல்லா இருக்கேன்மா, சாப்பிட்டேன்மா, வைக்கட்டுமாம்மா. அவ்வளவுதான். முன்பெல்லாம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தூங்கி உன் தோளில் சாய்ந்தது வரைக்கும் கதை கதையாகச் சொல்வாய். அந்த வாயாடியைக் காணோமே என்று தவித்துப் போகிறேன்.

மனசு சரியில்லையென்றால் எனக்கு ஏதாவது வேலை செய்யத்தான் தெரியும். நீ எங்கே தப்பு செய்தாய் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் பழையபடி பேசுவாய் என்று நினைத்து ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருக்கும் மீன் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு முகத்தில் பாதி மீசை. உருண்டைக் கிண்ணம் வேண்டாம், அழகாக இருக்குமே தவிர அதில் மீனுக்கு மூச்சு முட்டும் என்று சொல்லி இரண்டடி நீளத் தொட்டியாகக் கொடுத்தார். அதை உன் அறையில், உன் படிக்கிற மேஜையில்தான் வைத்தேன். தண்ணீர் நிறைந்தால் ஓர் ஆள் கனம் இருக்கும், மேஜை ஆடுமென்று அப்பா அதன் காலுக்குக் கட்டை கொடுத்து, அடியில் தெர்மகோல் விரித்தார். ஜன்னல் வெயில் பட்டால் பாசி பிடிக்குமென்று தள்ளி வைத்தோம். ஒயரை எப்போதும் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலே வருகிற மாதிரி விட வேண்டுமாம், அப்போதுதான் அதில் வழிகிற தண்ணீர் தரையில் சொட்டும், பிளக்குக்குள் போகாது. இதை உனக்கு அவசியம் எழுதச் சொன்னார். இரண்டு நாளாக நாலு தடவை கேட்டுவிட்டார், எழுதிட்டியா எழுதிட்டியா என்று.

கூழாங்கல்லைப் பத்துத் தண்ணீரில் அலசிப் போட்டு, குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்திருந்து ஊற்றி, கடைக்காரர் கொடுத்த குளோரின் முறிக்கும் மருந்தையும் சொட்டுக் கணக்கில் விட்டு, பில்டரை ஓடவிட்டு, மீன் வாங்கப் போனால் அந்த மீசை தரமாட்டேன் என்கிறார்! "தண்ணி இன்னும் பழகலக்கா, ஒரு மாசம் கழிச்சு வாங்க." எனக்கு வந்ததே கோபம். விற்கத்தானே கடை வைத்திருக்கிறாய் என்று கேட்டேவிட்டேன். அவர் அசரவில்லை. வெறும் தண்ணீரில் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வரச் சொன்னார். அது அழுகும்போது தண்ணீரில் நஞ்சு சேரும், அந்த நஞ்சைத் தின்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மெல்ல மெல்ல பில்டர் பஞ்சில் குடியேறும், அதுகள் வந்த பிறகுதான் மீன் வரவேண்டுமாம். நீ அன்றைக்கே மீனை விட்டாயே, அதுதான் தப்பு, வேறொன்றுமில்லை. ஆக ஒரு மாதம் நான் வெறும் தண்ணீருக்குச் சோறு போட்டேன். எதிர்வீட்டுத் தையல்காரி வந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, தண்ணியா வளர்க்கறீங்க?" என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும். வேலை முடிந்து வந்தால் உன் அறைக்குள் போக ஒரு காரணம் கிடைத்ததே, அது போதும் என்றிருந்தேன். அதற்கு முன்னால் அந்தக் கதவைத் திறக்கவே எனக்குத் தெம்பில்லை.

பிறகு ஆறு கப்பி மீன்கள் வந்தன. பையோடு கால்மணி நேரம் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் சேர்த்துத்தான் விட வேண்டும், சட்டென்று கொட்டக் கூடாது. வாலை ஆட்டிக்கொண்டு என்ன அழகு! இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவுதான் தீனி, அதுகள் எவ்வளவு கெஞ்சினாலும் அதற்கு மேல் கிடையாது. எட்டு நாள் நன்றாகத்தான் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன், பஞ்சில் பழுப்பாக வழுவழுவென்று ஏதோ படிந்திருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக ஆபரேஷன் கத்தரிக்கோல்களை ஆவியில் வேகவைத்து எடுக்கிறவளின் வீட்டில் அழுக்கா? என் கை சும்மா இருக்குமா? மீன்களை ஒரு வாளிக்கு மாற்றிவிட்டு, பஞ்சைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பிழிந்தேன், தொட்டியைத் துளி விடாமல் கவிழ்த்து, கல்லையும் சுடுதண்ணீரில் அலசி, எல்லாம் புதிதாக நிரப்பினேன். கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டி பெருமையடித்துக்கொண்டேன். புதன்கிழமை காலை மூன்று மீன் போய்விட்டன. ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷின் கதவைத் திறந்து தட்டை எடுக்கிறேன், கண்ணீர் பொலபொலவென்று வருகிறது. கூட வேலை செய்கிற பெண் பயந்துபோய் யாருக்கு என்னாச்சு என்று கேட்டாள். வீட்டில் மீன் செத்துப்போச்சு என்றேன். "ஐயோ அக்கா, மீனுக்கா அழறீங்க?" என்றாள். அப்பா கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு உறைத்தது. மீனுக்கு இல்லை பட்டு. உனக்காக அழுதேன். நீயும் அன்றைக்கு மீனுக்கு அழவில்லை. பேச ஆளில்லாத ஊரில், அறைக்குள் நுழைந்தால் அசைகிற உயிர் ஒன்றாவது இருக்கட்டும் என்று வாங்கி வைத்தாய், அதுவும் போய்விட்டதென்று அழுதாய். இது புரிய எனக்கு மூன்று உயிர் தேவைப்பட்டது.

அந்த வழவழப்புதான் தொட்டிக்கு உயிராம். அதைத்தான் நான் வேகவைத்துக் கொன்றிருக்கிறேன். மீசைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, தன் தொட்டியில் ஊறிக் கிடந்த பழைய பஞ்சிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். பாலில் ஒரு கரண்டி தயிர் விடுவது மாதிரி அதிலிருந்து இங்கேயும் பெருகுமாம். மிச்சம் மூன்றும் அப்படித்தான் பிழைத்தன. நீயும் அங்கே ஏதாவது மீன் கடையில் நல்ல தொட்டியின் பழைய பஞ்சில் ஒரு துண்டு கேட்டுப் பார், வெட்கப்படாதே. வாரத்துக்கு ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மட்டும் மாற்று. மாற்றும்போது வெளியே எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே பஞ்சை லேசாக அலசு, அவ்வளவுதான். சோப்பு பக்கத்திலேயே வரக்கூடாது. உன் அம்மா சோப்பு வேண்டாம் என்கிறாள் என்று சிரிக்காதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நீ கிளம்பிய அன்று ஏர்போர்ட்டிலிருந்து வந்ததும் புடவைகூட மாற்றாமல் உன் போர்வை, தலையணை உறை, கதவில் தொங்கிய நைட்டி, நீ பாதி குடித்து வைத்த தம்ளர் எல்லாவற்றையும் கொதிக்கவைத்துத் துவைத்துக் கழுவி அடுக்கிவிட்டேன். அப்பா வாசற்படியில் நின்று, "அதுக்குள்ள துவைச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். சுத்தமாக்கிவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாளே தலையணையில் முகத்தை வைத்துப் பார்த்தேன், சோப்பு வாசனை மட்டும்தான் வந்தது. இரண்டு வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை.

லீவு கிடைக்காது என்பாய். பத்து நாள் வேண்டாம், நாலு நாள் வா. வந்து மூன்றையும் பார், சோம்பேறி ஒன்று எப்போதும் உன் பேனா டப்பா பக்கமாகவே நிற்கிறது. வேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. எந்தக் குறையும் இல்லாமல், மனசு நிறைந்து, நீண்ட ஆயுசோடு இரு என் கண்ணே. அப்பாவின் ஆசியும் இதில் சேர்ந்திருக்கிறது, அவர் அதைத் தனியாகச் சொல்லமாட்டார். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். அழ வேண்டும்போல் இருந்தால் அழு, முகத்தைக் கழுவு என்று சொல்ல மாட்டேன், பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். நீ வந்து நாலு நாள் தூங்கி எழுந்து திரும்பிப் போனாயானால், அந்தத் தலையணை உறையை நான் துவைக்க மாட்டேன். அப்பாவிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

உன் வரவை எண்ணியிருக்கும்
அம்மா